மேல் லயத்தின் கதவு எண்கள்

வட்டகொடைக்கு மேலே, தேயிலைச் சரிவில் நிற்கிறேன். இந்த ஊரை வரைபடத்தில் சேர்ப்பது என் வேலை. வரிசை வீடுகளாய் இரண்டு லயங்கள், அவற்றில் குடும்பத்துக்கு ஒன்றாய் இருபது காம்பராக்கள், தண்ணீர் பிடிக்க ஒரு பீலி, ஒரு கோவில். குறித்து முடிப்பதற்குள் பனி வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. குரல்கள் மட்டும் மிதந்து வருகின்றன.

பனிக்குள்ளிருந்து கொழுந்துச் சாக்கோடு ஓர் அக்கா வருகிறார்.

"உங்க வீட்டு நம்பர் என்னங்கக்கா?"

"ஊருக்கே ஒரு விலாசந்தான் தங்கச்சி. கடுதாசியெல்லாம் தோட்டத்து ஆபீசுலயே கெடக்கும். போன வருசம் மகளோட நர்சிங் இன்டர்வியூ கடுதாசி, தேதி முடிஞ்சுதான் கைக்கு வந்துச்சு. இப்ப மறுபடி அப்ளிகேசன் போடுறா. நீங்க நம்பர் போட்டுக் குடுங்க."

"போடுறேன். ஆனா தபால்காரர் மேல வரணுமே?"

"நம்பர் இல்லன்னு சொல்லித்தான் அவரு ஏத்தம் ஏறுறதில்ல. இனி என்ன சொல்றாருன்னு பாப்போம்!"

அவரோடு மேல் லயத்துக்குப் போய், பீலிப் பக்கமிருந்து கதவுகளை எண்ணுகிறேன். அக்காவுடையது ஆறாவது. உடனே அடுப்புக்கரியால் கதவில் பெரிதாக எழுதுகிறார்.

"அப்ப நாங்க ஏழா?" என்று பனிக்குள் யாரோ கேட்கிறார்கள்.

"எட்டு எனக்கு!"

உள்ளே மகள் விண்ணப்பத்தை விரித்துவைத்து, தோட்டத்தின் பெயருக்கு மேல் மெதுவாக எழுதுகிறாள்: இல. 6, மேல் லயம்.