ஒரே அளவு

மருந்துக் கடையில் என் இரண்டு பெண்களுக்கும் பேன் மருந்து கேட்டேன். “சின்னவளுக்க எடை எவ்வளவுக்கா?” என்றாள் கடைக்காரப் பெண். எடையைச் சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் தலையில் பேன் வந்தபோது எனக்குப் பத்து வயது, தங்கை செல்விக்கு நாலு. தோவாளையில் அம்மை விடியுமுன் பூச்சந்தைக்குப் போய்விடுவாள். பிச்சிச் செடிக்கு அப்பா அடிக்கும் மருந்து நெடி வீடெல்லாம் நிற்கும். செடியில் பூச்சி சாகிறதே, தலையில் பேன் சாகாதா என்று அதைத் தேங்காயெண்ணெயில் கலந்து இருவர் தலையிலும் ஒரே அளவு தேய்த்தேன். துண்டால் இறுக்கிக் கட்டினேன்.

“நாறுதுக்கா.”

“சும்மா இரிட்டி. பேனு சாவட்டும்.”

எனக்குத் தலை சுற்றியதோடு சரி. அம்மை திரும்பி வந்தபோது செல்விக்கு வாயில் நுரை.

“தோல் வழியா விஷம் ஏறும். துண்டு கட்டினா இன்னும் வேகமா ஏறும். பெரியவ உடம்பு தாங்கினதை இந்தச் சின்ன உடம்பு தாங்குமா? யாரு தேச்சது?” என்று டாக்டர் கத்தினார். அம்மை என்னைப் பார்த்தாள்.

“நான்தான் சாரே,” என்றாள்.

செல்வி பிழைத்துக்கொண்டாள். “பேனோட என்னையும் சேத்துக் கொல்லப் பாத்தா எங்கம்ம” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அம்மையின் பதினாறாம் நாளன்றும் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மருந்துக் கடை வாசலிலிருந்தே செல்விக்குப் போன் செய்து, பிள்ளைகளுக்குப் பேன் என்றேன்.

“அம்மயப்போல எதையாவது தேச்சிராத, என்னா?” என்று சிரித்தாள்.

“அது அம்ம இல்லட்டி. நான்.”

அவள் சிரிப்பு நின்றது.