ஒன்பது கட்டங்கள்

அந்த விடுதியின் சலவை அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பவரை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிசலில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி மூடிவிட்டு, "எங்க கிழிஞ்சிருந்துச்சு, காட்டு பாப்போம்" என்று விரிப்பை நீட்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தராலும் காட்ட முடியவில்லை.

இனி தாங்காது என்று ஒதுக்கிய விரிப்புகள் எண்ணெய் துடைக்கப் பட்டறைக்குப் போய்விடும். ஊசியக்காவுக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். குப்பைக்குப் போன மின்விசிறிக் கூண்டு ஒன்றைத் தேய்த்துக் கழுவி, விரிப்பின் நல்ல பாகங்களாக வெட்டி அதன்மேல் இழுத்துத் தைத்து, ஒரு தொங்குவிளக்கு செய்தார். பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் நாத்தனார், அண்ணன் சட்டைக்குப் பொத்தான் வைக்க நேரமில்லை, ஃபேனுக்குப் பாவாடை தைக்க நேரமிருக்கிறது என்று ஒரு ஆள் விடாமல் சொல்லி முடித்தாள்.

மேலாளர் அதை வரவேற்பறையில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார். நன்றாக இருந்தால் பன்னிரண்டு அறைக்கும் இதே விளக்கு. இல்லாவிட்டால் விரிப்பெல்லாம் வழக்கம்போல் பட்டறைக்கு.

ஸ்விட்சைப் போட்டார்கள். வெள்ளைத் துணியில் ஒன்பது சின்னக் கறுப்புக் கட்டங்கள் எழுந்து நின்றன. பார்த்துப் பார்த்து வெட்டிய நல்ல பாகங்களில் ஒன்பது இடம் ஊசியக்காவே எப்போதோ கிழிசல் மூடித் தைத்தது. அவர் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தைத்திருந்தார், பாவி மனுஷி.

"என்னம்மா இது, பூச்சியா?" என்றார் மேலாளர்.

நாத்தனார்தான் பதில் சொன்னாள். "பூச்சி இல்லைங்க, அண்ணி போட்ட தையல். இத்தனை வருஷமா உங்க கண்ணுல படல, அவ்வளவுதான்."

மேலாளர் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு பன்னிரண்டு வேண்டும் என்றார். எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருக்க வேண்டும், வெறும் துணி வேண்டாம் என்றார்.

சலவை அறைக்கு வந்து தேடினால் ஒரு தையலும் அகப்படவில்லை. கடைசியில் ஊசியக்காவும் நாத்தனாரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாவதில் ஒரு தையல், வெளிச்சத்தில் பிடிக்குமுன்பே தெரிந்துவிட்டது. ஊசியக்காவின் முகம் சுண்டிப்போனது.

"நல்லாத்தானே தெரியுது. இதையே வெட்டுங்க அண்ணி."

ஊசியக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த நூலைப் பிரித்தார். மறுபடியும் தெரியாமல் தைக்க உட்கார்ந்துவிட்டார்.