பெயர் வெட்டிய வீட்டு அரிசி

மூச்சு முதலில் வாங்கியது எங்கள் வீட்டு மாடிப்படியில். உத்திரமேரூரில் அந்த மாடியில்தான் குடியிருக்கிறோம். தையல் கடையிலிருந்து திரும்பிய நான் பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடி, அதுக்குள்ள கெழவி ஆயிட்டியா?" என்று கீழ்வீட்டு அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள கதவு) சுருங்கியிருந்தது.

"சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்துச்சா?" என்றார் டாக்டரம்மா.

வந்தது. அந்த ஜுரம் அப்போதே இந்தக் கதவைக் கெடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. பயத்துக்கு முன்னால் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. திரையில் அந்தக் கதவைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பாவம், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"தொடை வழியா பலூன் விட்டு விரிக்கணும். தள்ளிப் போட்டா உயிருக்கே ஆபத்து. காப்பீட்டு அட்டை இருக்கா, கேட்டுட்டு வாங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். என் கணவர் இலங்கைத் தமிழர், அகதி முகாமில் பிறந்தவர். என் பிறந்த ஊரான காவாந்தண்டலத்துக்குப் பெயின்ட் வேலைக்கு வந்தவரை நான் விரும்பிக் கட்டிக்கொண்டேன். வேலையும் குடித்தனமும் இங்கே. அகதிப் பதிவுக்கு மட்டும் முகாமுக்குப் போய்வருவார். காப்பீட்டு மேசைப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாருக்கு இருக்குது. உங்களுக்குத்தான் இல்ல."

அடக் கடவுளே! அகதிக்கு உண்டு, இந்த நாட்டுக் குடிமகளுக்கு இல்லை.

எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயரை வெட்டிவிடுவார்கள், புருஷன் வீட்டில் சேர்ப்பதற்காக. அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தும் அந்த முறையைத் தவறவிடவில்லை. கணவரின் அட்டையில் சேர்க்க முகாமுக்குப் போனால், "நீங்க அகதி இல்லையேம்மா, இதுல எப்படிச் சேர்க்கறது?" என்றார் அதிகாரி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். காப்பீடு ரேஷன் அட்டையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவது யாருக்குத் தெரியும்? என்னைப் போன்ற பெண்களுக்குச் சொல்கிறேன்: சேரும் இடம் உறுதியாகாமல் இருக்கிற இடத்தில் பெயரை வெட்டாதீர்கள்.

தனி அட்டைக்கு நாளாகும். அப்பாவின் அட்டையில் திரும்பச் சேர்வதே சுருக்குவழி. ஆனால் அங்கே போய்த் தங்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் திரும்பி வந்தால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்: வாழாவெட்டி.

"ஓம், போய் இரும். சனம் என்னைத் திட்டட்டும். எனக்கு நீர் உசிரோட இருக்கோணும்" என்றார் கணவர். அழுதுவிட்டேன்.

அப்பா வாசலில் என்னைப் பார்த்தார், நான் மூச்சிரைப்பதையும் பார்த்தார். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"ஊரு பேசும் நைனா."

"பேசட்டும். ஊரா உனுக்கு மூச்சு குடுக்கப் போவுது?" சட்டையை மாட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார்.

பெயர் ஏறியது. காப்பீடும் வந்தது. சென்னையில் எனக்கு மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போக ஊசி மட்டும் போட்டார்கள். பலூன் விரிந்து சுருங்கியது. சற்று நேரத்தில் ஒரு முழு மூச்சு தானாக உள்ளே போயிற்று. இவ்வளவு காற்றா இத்தனை நாளும் வெளியே இருந்தது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

தேறியதும் உத்திரமேரூருக்கே வந்துவிட்டேன். தனி அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறோம். போன வாரம் அப்பா வண்டியில் இரண்டு அரிசிப் பைகளோடு வந்தார். இந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. கணவர் ஓடிப்போய்ப் பைகளை வாங்கினார்.

"இது கார்டுல அவ பங்கு. அது நம்ம நெலத்து அரிசி. மாப்ளைக்குதான் எங்க கார்டுல பேரு இல்லியே."

மாப்ள! கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா படியேறி வந்தார். பாதியில், நான் அன்று நின்ற அதே இடத்தில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா, மூச்சு வாங்கிக்கினு வரேன்."

நான் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை.

"மெதுவா வா நைனா. நேரம் கீது."