காலண்டர் அட்டையும் கணினியின் பழைய பதிலும்

நூலக மென்பொருளைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் உங்களுக்கும் எனக்கும் தெரியும்: கணினி தப்பாகச் சொன்னாலும், சந்தேகம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும்.

திரையில் இருக்கும் புத்தகம்

வாளையாரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வாயனசாலை. அந்தப் பக்கத்தில் நூலகத்துக்கு அதுதான் பெயர். அங்கே ஓடுவது நான் எழுதிய மென்பொருள். அதன் செயலாளர் பழனிச்சாமி, தென்னந்தோப்புக்காரர், போனில் கூப்பிட்டார். தென்னை நோய்கள் பற்றிய புத்தகம் அலமாரியில் இருப்பதாகத் திரை காட்டுகிறதாம். போய்ப் பார்த்தால் இல்லையாம். ஒரே வாரத்தில் மூன்று புத்தகங்கள் இப்படி. நூலகர் சாந்தாமணி வேண்டியவர்களுக்குப் பதியாமல் கொடுத்தனுப்புகிறார் என்று கமிட்டியில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கூடி அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். பழனிச்சாமிக்குக் கணக்கு நேராகவே இருந்தது.

"திரையில இருக்குது, அலமாரியில இல்லீங்க. நடுவுல இருக்கறது அந்தப் புள்ள மட்டுந்தானுங்களே?"

மத்தியான சுவிட்ச்

வெள்ளிக்கிழமை போனேன். புதிதாக வந்த நாலு புத்தகங்களை எடுத்து, பின்னட்டையில் இருக்கும் பார்கோடு என்ற பட்டைக்கோட்டைக் கருவியால் வருடி இரவல் பதிந்தேன். திரை ஒவ்வொன்றையும் வெளியே போனதாகச் சரியாகச் சொன்னது. பழனிச்சாமி என்னைத் தனியே அழைத்து, அந்தம்மாள் தினமும் மத்தியானம் கணினியை அணைத்துவிடுகிறார், தடயத்தை அழிக்கத்தான் என்றார். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஏன் அணைக்கிறீர்கள் என்று கேட்டேன். சாந்தாமணி தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"அணைச்சுப் போட்டாத்தானுங்க அது உண்மையச் சொல்லுது."

என் மறதி

அந்தப் பதிலில்தான் பிழை பிடிபட்டது. ஒவ்வொரு தேடலுக்கும் முழுப் பட்டியலையும் புரட்டினால் நேரமாகும் என்பதால், ஒருமுறை கண்டுபிடித்த பதிலை மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே தரும். கேஷ் என்பது அதுதான். கணினியை அணைத்தால் அந்த நினைவு அழிந்துவிடும். புத்தகம் வெளியே போனதும் பழைய பதிலைத் தூக்கி எறிய வேண்டும். கருவியால் பதிந்தால் எறியும்படி எழுதியிருந்தேன். புத்தக எண்ணைக் கையால் தட்டினால் எறியும்படி எழுத மறந்திருந்தேன். சாந்தாமணியோ புத்தகம் கிழியக்கூடாது என்று பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். பட்டைக்கோடு அட்டைக்குள்ளே. அதனால் எல்லாமே கைத்தட்டல்.

தப்பு என்னுடையது என்றேன். நான் அந்தம்மாளுக்குப் பரிந்து பேசுவதாகச் செயலாளர் நினைத்தார். சரி என்று அவரையே ஒரு புத்தகம் தேடச் சொன்னேன். அலமாரியில் இருப்பதாக வந்தது. சாந்தாமணி எண்ணைத் தட்டி அதை அவர் பேரில் பதிந்து கையில் கொடுத்தார். மறுபடி தேடச் சொன்னேன். இன்னும் அலமாரியில்தான் என்றது திரை. பழனிச்சாமி திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நானும் திருடனுங்களா?"

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு

விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டு வந்தேன். கமிட்டி கூடியது, சாந்தாமணியை நிறுத்தும் பேச்சைச் செயலாளரே கைவிட்டார். ஒரு மாதம் கழித்து விசாரித்தால், சாந்தாமணி இன்னும் மத்தியானம் கணினியை அணைத்துக்கொண்டிருக்கிறார். இனித் தேவையில்லையே என்று அவரிடம் சொன்னேன்.

"கமிட்டிக்கு எம்மேல சந்தேகம் போயிருச்சுங்க. எனக்கு உங்க மேல இன்னும் போகலீங்க."

இப்போதெல்லாம் எந்த நூலகத்துக்குப் போனாலும், புத்தகங்களுக்கு அட்டை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கணினிப் பக்கமே திரும்புகிறேன்.