பெருமாள்மலை லாரி ஆபீஸும் எங்கள் மூன்று லைனும்

மே மாத சீசன் நடுவில் ஒரு பிற்பகல், முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா தேவி, மதுரை ஏஜென்ட் அரை மணி நேரமா டயல் பண்றாராம். எங்கேஜ்டாவே கெடக்குதாம். வெரசா பாரு."

கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் புக்கிங் ஆபீஸில் அப்போது எனக்கு வேலை. இன்டர்நெட் மலைக்கு வராத காலம். முதலாளி வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் மூன்று போன் லைனும் மூன்று மோடமும் மாட்டி, புல்லட்டின் போர்டு ஒன்றை நானே ஓட்டிவந்தேன். ரூம் புக் செய்யும் வெளியூர் ஏஜென்ட் தன் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் நம்பருக்கு டயல் செய்வார். ரூம் காலியா என்று பார்ப்பார், செய்தி எழுதி வைப்பார், இன்னொரு லைனில் இருப்பவரோடு டைப் செய்தே பேசுவார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். ஊர்க்காரர்களுக்கும் அதைத் திறந்துவிட்டது என் யோசனை.

யார் எப்போது டயல் செய்தார் என்று பதிவாகும் லாகைப் பார்த்தேன். தினமும் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை அதே இரண்டு பேர் சாட்டில் இருந்தார்கள். பதிவில் இருந்த விலாசப்படி ஒருவர் பெருமாள்மலை, மற்றவர் கொடைக்கானல் மார்க்கெட். இரண்டு லைன் போனால் ஏஜென்டுகளுக்கு மிச்சம் ஒன்றுதான். வெட்டி அரட்டை என்று முடிவு செய்து இரண்டு அக்கவுன்டையும் பூட்டினேன். ஐந்து நிமிடத்தில் மதுரைக்கு லைன் கிடைத்தது. எனக்கும் திருப்திதான்.

மூன்றாம் நாள் காலை, முப்பது வயதிருக்கும் ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தார்.

"போர்டு ஓட்டுறது நீங்களாங்க? நான் சரோஜா, பெருமாள்மலை லாரி ஆபீஸ். எனக்குக் காது கேக்காதுங்க. நான் பேசுறேன், நீங்க எழுதிக் காட்டுங்க." ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

பதினைந்து வயதில் வந்த காய்ச்சலில் காது போனதாம். போளூர், பள்ளங்கி மலைக் கிராமங்களிலிருந்து பூண்டும் கேரட்டும் எவ்வளவு வருகிறது என்று மார்க்கெட் கிளார்க் முத்து மதியம் சொல்வார். அதை வைத்து லாரி அனுப்புவது சரோஜாவின் வேலை. மற்றவர்கள் போனில் செய்வதை அவர்கள் இருவரும் எங்கள் சாட்டில் செய்திருக்கிறார்கள்.

"ரெண்டு நாளா வண்டி மாறிப் போகுதுங்க. போன் எடுக்க முடியாதவளுக்கு இங்க என்ன சோலின்னு ஓனர் கேட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாராம்."

இரண்டு அக்கவுன்டையும் திறந்துவிட்டேன். பிறகு, 'இன்றைக்கு இரண்டு மணிக்கு டயல் செய்யுங்கள்' என்று எழுதினேன். முதலாளியை அதுவரை நான் கேட்கவில்லை.

கேட்டபோது அவர் முகம் சுளித்தார். "பாவந்தான். நம்ம பொழப்பு என்னாகுறது?"

"ஏஜென்டுக்கு ஒரு கால் மூணு நிமிசந்தான் சார். ஆளுக்கொரு நேரம் குடுத்திட்டா ஒரு லைனே தாங்கும்."

"ஏஜென்டுக்கு நாம நேரம் சொல்றதா?"

"ஒரு வாரம் பாருங்க. ஒரு புக்கிங் தப்புனாலும் போர்ட நானே மூடிடுறேன்."

"என்னமோ பண்ணு" என்றபடி அவர் உள்ளே போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏஜென்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். எங்கேஜ்டு டோன் நின்றதும் அவர்களே அடங்கினார்கள். சரோஜாவுக்கும் முத்துவுக்கும் ஊர், சரக்கு, மூட்டை, வண்டி என்று ஒரு ஃபார்ம் செய்து போர்டில் வைத்தேன். நிரப்பினால் போதும். இரண்டு மணி நேரச் சாட் முக்கால் மணி நேரமாகச் சுருங்கியது.

வெள்ளிக்கிழமை மாலை சரோஜா லைனில் வந்தார். "வேலை இருக்கு" என்று மட்டும் அடித்தார். ஒரு புக்கிங்கும் தப்பாமல் வாரம் முடிந்ததும் முதலாளி சொன்னார்: "இந்த டைம்டேபிள் சீசன் முடிஞ்சாலும் இருக்கட்டும்."

இப்போது ஓட்டல்களில் நெட்வொர்க் பார்க்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். யாரையாவது பிளாக் செய்யும் முன், "என்ன வேலையா இருக்கீங்க?" என்று ஒரு வரி கேளுங்கள். கீபோர்டு என் கைக்கடியில்தான் இருந்தது. அன்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் யாரையும் பூட்டியதில்லை.