மேரி வெட்டாமல் விட்ட கிளை

கியா பார்ம் மலைச் சந்தையில், காய்கறிக் கடையில் முள்ளங்கி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேரி இறந்துபோய்விட்டாள் என்று சொன்னார்கள். பாதியில் விட்ட கட்டை மறுபடி கட்ட மனம் வரவில்லை. அவளோடு எஸ்டேட்டில் இருந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் மேரி. நான் அங்கே கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி கலக்குபவள். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணிக்கு அவள் உட்கார்ந்தது பொறுக்கவில்லை. அவள் சாப்பிடப் போனால் போதும், கண்ட கண்ட விளையாட்டையும் மிஷினில் ஏற்றுவார். மிஷின் படுத்துவிட்டது. பட்டனைத் தட்டிவிட்டு நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாலும் எழுத்து வராது.

"இது கம்ப்யூட்டர் இல்ல மேரி, கிழட்டு எருமை. மேய்க்கத் தெரியலன்னா கூடையத் தூக்கு" என்பார் கிராணி. எஸ்டேட் மேனேஜர் துரையும் மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு மேரியைக் கொழுந்தெடுக்க அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

மேரி அழவில்லை. "முழுசா அழிச்சிட்டு, மிஷினை ஓட்டுற புரோகிராமை மொதல்லேருந்து ஏத்துறேன் துரை. அப்பவும் ஓடலன்னா நானே கூடையத் தூக்கறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை செய்யச் சொன்னார்.

கிராணி சும்மா இருப்பாரா? மிஷினில் இருக்கும் உங்கள் பேர், சர்வீஸ் கணக்கெல்லாம் அழியப்போகிறது என்று லயத்தில் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை ஆபீஸ் வாசலில் பெண்கள் கூட்டம். முன்னால் ராக்கம்மா.

"ஏய் மேரி! மலையில அட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்துச் சேத்த சர்வீஸடி! அதைத் துடைக்க நீ யாரு?"

"அக்கா, முத்திப்போன தேயிலைச் செடிய என்ன பண்ணுவீங்க?"

"புதுசாத் தளிர்க்கட்டும்னு கவாத்து வெட்டுவோம்."

"இதுவும் கவாத்துதான் லா."

ராக்கம்மா விடவில்லை. "கவாத்துல செடி மூச்சுவிட ஒரு கிளைய வெட்டாம விடுவோம். இதுல அது எங்க?"

மேரி உள்ளே போய் ஒரு பிளாப்பி தட்டை எடுத்துவந்து ராக்கம்மா கையில் வைத்தாள். "இதுதான் அந்தக் கிளை. எல்லார் பேரையும் இதுல காப்பி எடுத்திருக்கேன். வேலை முடியற வரைக்கும் நீங்களே வச்சிருங்க. ஈரம் படக்கூடாது."

ராக்கம்மா அதைத் தலைத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். பனி இறங்கியும் நகரவில்லை.

உள்ளே மேரி சிலுவை போட்டுக்கொண்டு அழித்தாள். திரை இருண்டது. தட்டு தட்டாக ஏற்றினாள். கிராணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ராக்கம்மா உள்ளே வந்து கொடுத்த தட்டு மிஷினுக்குள் போனது.

"யாரு பேரு மொதல்ல?" என்று கேட்டாள் மேரி.

"என் பேருதான், வேற யாரு?"

மேரி விரலை எடுக்குமுன் பேர் வந்து நின்றது. ராக்கம்மா மூக்கைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இவ்ளோதானா நானு?" வாசலே சிரித்தது. கிராணி குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். மிஷின் இருந்தது. மேரியும் இருந்தாள்.

அவள் சாவுக்குக் கிராணி தடியூன்றி, மாலையோடு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அவர் மேல இருக்கற கோபத்தையும் ஒருவாட்டி அழிச்சிடுங்களேன் அக்கா" என்று உயிரோடு இருந்தபோது மேரி கேட்பாள். "அழிச்சாலும் காப்பி இருக்குடி" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தக் காப்பி என்னிடமே இருக்கட்டும், மேரி. அழிப்பதற்கு முன்னால் எங்கள் பேரை எங்கள் கையிலேயே கொடுத்தாயே, அந்த நினைவையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஈரம் படவிடமாட்டேன்.