காயாத நாற்காலி

என் மாமனாருக்குப் படுத்தால் மூச்சு வராது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் உடம்பு. தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். தூக்கத்தில் சரிந்து, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்துகொண்டு எழுந்தார். அவருக்கும் காற்றுக்கும் ஒத்துவந்தது ஒரே ஒரு சாய்வு நாற்காலிதான். துரை பங்களாவில் கழித்துக் கட்டிய தேக்குச் சாமான் அது. கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவும் தெரிந்த ஒருவன், அவர் மருத்துவமனையில் இருந்த நேரம் பார்த்து அந்த நாற்காலிக்குச் சாயம் அடித்தான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட மருமகனாக இருக்க வேண்டும்? அன்பான மருமகன். அன்பும் இலவசக் காணொளியும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது.

காணொளியில் வந்த பெண் ஏதோ வெயில் நாட்டுக்காரி. பழைய நாற்காலியை உப்புத்தாளால் தேய்த்தாள், கடல்நீலச் சாயம் அடித்தாள், மேலே வார்னிஷ் பூசினாள், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள், காய்ந்துவிடும் என்றாள். கேமரன் மலையில் துவைத்த காலுறையே காய்வதற்கு யோசிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவன்; சாய டப்பாவின் முதுகில் இருந்த நான்கு வரியைப் படிக்கவில்லை. மாமனார் வார இறுதிக்குப் பிறகுதான் வருவார் என்பது என் கணக்கு. அதற்குள் நாற்காலி பளபளவென்று காத்திருக்கும். அவர் என்னைப் பார்த்து, திருமணத்திற்குப் பிறகு முதன்முறையாக, மெச்சிச் சிரிப்பார்.

மதியம் மனைவி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, அப்பாவ இன்னிக்கே கூட்டிட்டுப் போலாம்னுட்டாங்க. சாயங்காலம் காடிய எடுத்துட்டு வாங்க. ராத்திரி சாஞ்ச மாதிரிதான் தூங்கணுமாம். நாக்காலிய ஹால்லயே போட்டு வைங்க. பொகை, வாடை எதுவும் ஆகாதாம்."

"சரி" என்றேன். என் ஆள்காட்டி விரல் அப்போது அந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

விரலைப் பிய்த்தெடுத்தேன். ரேகையோடு ஓர் அச்சு விழுந்தது. வெளியே மூடுபனி இறங்கி, தேயிலைச் சரிவு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. மனைவியின் முடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து அஞ்சடித் தாழ்வாரத்தில் நின்று ஊதினேன். வார்னிஷ் காயவில்லை, முன்வாசல் தூசியும் இரண்டு பூச்சிகளும் வந்து நிரந்தரமாகக் குடியேறின.

அப்போதுதான் தேயிலைத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதி வாட்டுவார்கள். கொழுந்து வாடும் காற்றில் ஒரு நாற்காலி காயாதா? என் மைத்துனன் அங்கேதான் மேற்பார்வையாளன். ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவன் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தான்.

"அங்கயே நில்லுங்க மச்சான்! என்ன நாத்தம் இது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வெளையாடாதீங்கலா. தேயிலத் தூளு எந்த வாசனையையும் இழுத்துக்கும். நான் தலைக்கு எண்ண தேச்சுட்டு வந்தாலே மேனேஜர் மோந்து பாக்குறாரு. நாக்காலி வேணாம், நீங்க உள்ள வந்தாலே போதும், ஒரு லாட்டு தூளும் வார்னிஷ் டீதான்."

"அப்ப மாமா எங்க தூங்குவாரு?"

அவன் முகத்திலிருந்த கேலி இறங்கியது. "அப்பா இன்னிக்கே வர்றாரா?" என்றான். பிறகு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நான் வீடு திரும்பி, சோப்பு தேய்ந்து தீரும்வரை குளித்தேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும் வழியில் மாமனார் காரின் முன் இருக்கையில் இருந்தார். ஏறியதும் பக்கத்து விசையை இழுத்து இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் வழியை அடைத்து நின்றன. வாழ்க்கையில் முதன்முறையாக, நெரிசல் கலையக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"நாக்காலிய ஹால்ல போட்டாச்சா?" பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"அது கொஞ்சம் மாறியிருக்கு."

"மாறியிருக்குன்னா?"

"நீலமா இருக்கு."

கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. "காஞ்சிருச்சா?"

முன்னால் நின்ற லோரியின் முட்டைக்கோசுகளை எண்ணத் தொடங்கினேன்.

"காஞ்சிருச்சான்னு கேட்டேன். எங்கப்பா இன்னிக்கு எங்க தூங்குவாரு?"

வீட்டு வாசலில் மைத்துனன் காத்திருந்தான். மாமனார் இறங்கி, அஞ்சடியில் நின்ற நாற்காலியை வெகுநேரம் பார்த்தார்.

"அது யாரு வீட்டு நாக்காலி?"

"உங்களோடதுதான் மாமா."

"எனக்கு நெஞ்சுதான் சரியில்ல மாப்ள. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. வார்னிஷ் வாடை அவரைப் பிடித்துவிட்டது. உள்ளே கொண்டுபோய் ஜன்னல்களைத் திறந்தோம், கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய வைத்தோம். சரிந்தார். மறுபடி தூக்கி உட்கார வைத்தோம். சரிந்தார். நெற்றி வியர்த்து, உதடு கருத்து, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார். மனைவி அவர் முதுகைத் தடவியபடி என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்து எந்த நகைச்சுவையும் எழுத எனக்கு இன்றுவரை வரவில்லை.

மாமனார் கையைத் தூக்கி வாசலைக் காட்டினார்.

"திரும்ப ஆஸ்பத்திரிக்காப்பா?" என்றாள் மனைவி.

தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி வாசலையே காட்டினார். நானும் மைத்துனனும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தோம். காடிக் கதவைத் தொட்டார். திறந்தேன். முன் இருக்கையில் உட்கார்ந்து, விசையை இழுத்து, சாய்ந்தார். நாங்கள் மூவரும் மூடுபனியில் நின்று அவர் மார்பையே பார்த்தோம். தவித்த மூச்சு மெல்ல மெல்ல நீண்டது. உதட்டில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது.

"இங்கயே இருந்துக்கிறேன்" என்றார்.

"இந்தக் குளிர்லயா?" என்று மனைவி அழுதாள்.

மைத்துனன் குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரை எடுக்கப் போனேன்.

"நீங்க எதையும் தொடாதீங்க மச்சான். டார்ச்ச மட்டும் புடிங்க."

மாமனாரைப் போர்வை சுற்றிப் பின்னிருக்கைக்கு மாற்றினோம். போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. மைத்துனன் திருகத் திருக, பின்னாலிருந்து மூச்சின் ஒலி மீண்டும் கரகரக்கத் தொடங்கியது. "சீக்கிரம்லா தம்பி" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி போல்ட் அசையவே இல்லை. நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, தொடாதே என்று சொல்லப்பட்ட கையால் அவன் கையோடு சேர்த்து அழுத்தினேன். கிரீச் என்றது. கழன்றது.

கூடத்தில் இரண்டு பலகைகளை வைத்து இருக்கையை மேலே நிறுத்தி, சுவரோடு நெருக்கினோம். ஆட்டிப் பார்த்தான் மைத்துனன், அசையவில்லை. மாமனார் அமர்ந்து, விசையை இழுத்து, தனக்கு வேண்டிய கோணத்தில் நிறுத்திக்கொண்டார். முன்கதவின் இடுக்கில் மனைவி ஈரத்துணியைச் செருகினாள். அவர் மூச்சு சிக்கியது, விட்டது, சிக்கியது. பிறகு சிக்குவதை மறந்துவிட்டது போல ஓடத் தொடங்கியது.

முதல் குறட்டை வந்ததும் மைத்துனன் ஸ்பேனரோடு சுவரில் சாய்ந்தான். மனைவி அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போவணும்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "காடில நான் பின்னால ஒக்காந்துக்கிறேன்."

அது மன்னிப்பா தண்டனையா என்று நான் கேட்கவில்லை. குறட்டை நிற்காமல் இருக்கிறதா என்று கவனித்தபடி, சற்றுத் தள்ளி நானும் தரையில் உட்கார்ந்தேன்.